இரண்டு அங்குலம்

உதட்டில் குண்டூசியைக் கவ்வியபடி, தையல்காரி அளவு நாடாவைத் தன் தங்கையின் மார்பைச் சுற்றி இழுக்கிறாள். தங்கை முகம் சுளிக்கிறாள். "மெதுவாக்கா, வலிக்குது." போன மாதத்தைவிட இரண்டு அங்குலம் கூடுதல், இடுப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. ஜன்னல் வெயிலில், கழுத்துக்குக் கீழே பச்சை நரம்புகள் புதிதாகக் கிளைத்திருக்கின்றன. "கொஞ்சம் சதை போட்டுட்டேன்," என்று தரையில் கிடக்கும் நூல்துண்டுகளிடம் சொல்கிறாள் தங்கை. இவளைப் பற்றிக் கேட்டதும் நேற்று அம்மா போனில் பேச்சை மாற்றியது இப்போதுதான் அக்காவுக்கு உறைக்கிறது. வீடு முழுக்கத் தெரிந்திருக்கிறது. பதினோரு வருடமாக மடி காலியாக இருக்கும் மூத்தவளிடம் மட்டும் யாரும் மூச்சுவிடவில்லை. மின்விசிறிக் காற்றில் நாடாவின் நுனி ஆடுகிறது. "கொக்கி வழக்கம்போல பின்னாடிதானேக்கா?" தையல்காரி குண்டூசியை உதட்டிலிருந்து எடுக்கிறாள். "முன்னாடியே வெக்கிறேன். பால் குடுக்க அதுதான் வசதி."