கேட்டல்சன் பட்டறையின் புதுப் பலகை

யோர்ன் கேட்டல்சன் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் மேலே நின்று பழைய எழுத்துகளைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

ஜெர்மனியின் ஹூசும் துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறை அது. இருபத்திரண்டு வருடமாகப் பலகையில் 'கெப்ரூடர் கேட்டல்சன்' என்றிருந்தது. கேட்டல்சன் அண்ணன் தம்பி என்று அர்த்தம்.

யோர்ன் எழுதித் தந்த தாளில் 'கெஷ்விஸ்டர்' என்றிருந்தது. ஆணோ பெண்ணோ, கூடப் பிறந்தவர்கள் எல்லோருக்கும் பொதுவான சொல்.

ஜெர்மனில் எழுதும்போது இரண்டுக்கும் முதல் இரண்டு எழுத்து ஒன்றுதான். அதை மட்டும் விட்டுவைத்தேன்.

மீனவர் ஹார்ரோ கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து, ஏணியில் செருகியிருந்த தாளைப் படித்தார். இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து, மகள் வீட்டில் ஒரு வருடம் இருந்துவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தார்.

"என்ன யோர்ன், உங்கப்பனுக்கு ரெண்டும் ஆம்பளப் பசங்கதானே? நடுவுல தங்கச்சி எங்கேருந்து மொளைச்சா?"

யோர்ன் பதில் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன். எழுத்து என் தொழில்.

"அந்தச் சொல்லே 'ஷ்வெஸ்டர்'லேருந்து வந்ததுதான் பெரியவரே. ஆதியில அது அக்கா தங்கச்சிகளுக்கு மட்டும்தான். அண்ணன் தம்பியெல்லாம் அப்புறமா வந்து ஒட்டிக்கிட்டவங்க."

"அப்ப ஒட்டிக்கிட்டவன் நான்தான்" என்று யோர்ன் சிரித்தான்.

பட்டறைக் கதவு திறந்தது.

ஹார்ரோவுக்குப் பழக்கமான அதே அகன்ற தோள்கள், அதே எண்ணெய்க் கைகள். காதில் சின்ன நீலக் கம்மல்.

யோர்ன் குரலைத் தாழ்த்தவில்லை. "தங்கச்சி எங்கேருந்தும் வரல. இங்கயேதான் இருந்தா. இவ மைக்கே. போன குளிர்காலம் வரைக்கும் நாமதான் மொம்மேன்னு ஆம்பளப் பேருல தப்பா கூப்பிட்டுக்கிட்டிருந்தோம்."

என் கை பலகையிலேயே நின்றுவிட்டது. ஊரில் எங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் எட்டு வயதில் அவள் கையில் முதன்முதலாக ஸ்பேனரைக் கொடுத்தவர் ஹார்ரோ. அவரிடம் சொல்ல மட்டும் மைக்கே ஒரு வருடமாகத் தயங்கினாள்.

மைக்கே கந்தல் துணியில் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

கிழவர் கைத்தடியால் தன் படகைக் காட்டினார்.

"ஒரு வருஷமா எஞ்சின் சும்மா கெடக்கு. நீயே வந்து பாரு மைக்கே. உங்கண்ணனைத் தொட விட்டுடாத."