கருப்பு மின்னல்

ஓர் ஏரியில் வெள்ளை வாத்துகள் கூட்டமாக இருந்தன. பக்கத்து ஏரியோடு நீச்சல் பந்தயம் என்றாலே அவற்றுக்குத் தோல்விதான். இந்த வருஷம் தங்கள் பக்கம் ஒரு நீர்க்காகத்தை இறக்கின. அது முங்கியது தெரிந்தது; அப்புறம் ஜெயித்துவிட்டுத் தலையைத் தூக்கியதுதான் தெரிந்தது.

"நம்ம கருப்பு மின்னல்டா!" என்று தலைவர் வாத்து தொண்டை கட்டக் கட்டக் கத்தியது. மற்ற வாத்துகள் நீர்க்காகத்தை முதுகில் ஏற்றிக்கொண்டு குதித்தன.

சாயங்காலம் தாமரைப் புதருக்குள் வெற்றி விருந்து. இறகை நன்றாக உலர்த்திக்கொண்டு நீர்க்காகம் வந்தது. வாசலில் நின்ற வாத்து மறித்தது.

"ஏய் கருப்பு, எங்க போற? உள்ளே வெள்ளை இறகுக்காரங்க மட்டும்தான்."

"விருந்தே எனக்குத்தானேங்க?"

"விருந்து வெற்றிக்குப்பா. உனக்குன்னு யார் சொன்னா?"

மேலே கிளையில் ஒரு மைனா. யார் குரலையும் அப்படியே பேசும் வாலு அது.

"அண்ணே, காலையில கருப்பு மின்னல்னாங்க. இப்ப கருப்பு மட்டும் நிக்குது. மின்னல் எங்க போச்சு?"

"மின்னல் எவ்வளவு நேரம்டா இருக்கும்?" என்றது நீர்க்காகம்.

மைனாவுக்குச் சோதித்துப் பார்க்க ஆசை வந்தது. தலைவர் வாத்தின் கட்டைக் குரலை எடுத்து, "நம்ம கருப்பு மின்னல் வந்தாச்சுடா!" என்று கத்தியது.

உள்ளே அத்தனை வாத்துகளும் எழுந்து இறக்கை தட்டின. நீர்க்காகம் ஓரடி எடுத்து வைத்தது.

வாசல் வாத்தும் தட்டியது. தட்டிக்கொண்டே குறுக்கே வந்து நின்றது.