சுடர்க்கொடியின் கன்னம்

மூன்று வருடங்களாகச் சுடர்க்கொடி ‘கபடி’ என்று வாயைத் திறந்தாலே வலது கன்னத்தில் மின்னல் வெட்டும். சொத்தைப் பல் என்று நினைத்து இரண்டு பல்லைப் பிடுங்கியும் வலி நிற்கவில்லை. முகத்து நரம்புதான் காரணமில்லாமல் அலறுகிறது என்று கண்டுபிடித்த டாக்டர், போன மாதம் அவள் காதுக்குப் பின்னால் அரிசியளவு சில்லு ஒன்றைப் பதித்தார். நரம்பின் பொய் அலறலை அது எழும்போதே அடக்கிவிடும்.

வடுவூரில் இறுதி ஆட்டம். கடைசி ரெய்டு. ஜெயிக்க ஒரு புள்ளி வேண்டும்.

“பயமா இருந்தா சொல்லு, நான் போறேன்” என்றாள் கேப்டன் அஞ்சுகம்.

“இல்லக்கா, நான்தான் போவேன்.”

“கபடி கபடி கபடி...” எதிர்க்காற்று முகத்தில் அடித்தது, கன்னத்தில் வியர்வை வழிந்தது. மின்னல் வரவேயில்லை! அவள் குரல் மைதானம் முழுக்க ஏறியது. பாய்ந்து ஒருத்தியைத் தொட்டுத் திரும்பும்போது, இன்னொருத்தியின் முழங்கை அதே கன்னத்தில் இடித்தது. விழுந்தபடியே கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டாள். கூட்டம் ஆர்ப்பரித்தது.

அஞ்சுகம் பதறி ஓடிவந்தாள். “என்னடி, திரும்ப வந்துடுச்சா?”

சுடர்க்கொடி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணீரோடு சிரித்தாள்.

“முழங்கை பட்ட வலிக்கா! எல்லாருக்கும் வலிக்கிற மாதிரி, வெறும் வலி!”