ஓரத்தில் ஒரு பூந்தொட்டி

“இந்த ஓரத்து ஆள் வேண்டாம். அழிச்சிடுங்க.”

படக்கார அக்கா நிமிர்ந்து பார்த்தாள். காகிதப் படத்தை மரப்பலகைக்கு மாற்றித் தருவது அவள் தொழில். தெருவுக்கே அவள் படக்கார அக்கா. தொப்பையைக் குறைக்கச் சொன்னவர்கள் உண்டு, முடியைக் கூட்டச் சொன்னவர்கள் உண்டு. ஆளையே அழிக்கச் சொல்லி வந்தவர் இவர்தான் முதல்.

வந்தவர் தன்னை மேனேஜர் என்று சொல்லிக்கொண்டார். அவர் அலுவலக ஸ்டோர் கீப்பருக்கு அன்று சாயங்காலம் பிரிவுபசார விழா. அதற்குப் பரிசு இந்தப் பலகை. ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனது ரிசப்ஷன் பெண். பதினைந்து வருஷத்துக்கு முந்தைய குரூப் போட்டோ. ஸ்டோர் கீப்பர் சிரித்தபடி இருக்கும் ஒரே போட்டோ அதுதானாம்.

படத்தைப் பலகையில் குப்புற ஒட்டி, ராத்திரி முழுக்கக் காயவைத்து, காலையில்தான் தண்ணீர் தொட்டுத் தொட்டு விரலால் காகிதத்தைத் தேய்த்து எடுத்திருந்தாள். காகிதம் போய், மை மட்டும் மரத்தில் தங்கி, ஏழு பேரும் பளிச்சென்று நின்றார்கள். இடது ஓரத்து ஆளுக்குச் சுருட்டை முடி, முறுக்கு மீசை. உலகத்தையே விலைக்கு வாங்கியவன் மாதிரி இடுப்பில் ஒரு கை.

“நேத்தே சொல்லியிருந்தா கம்ப்யூட்டர்லயே எடுத்திருப்பேனே சார்.”

“நேத்து சாயங்காலம்தான் எனக்கே புத்தி வந்துச்சு.”

“அப்படி என்ன பண்ணினார் இவர்?”

“ஸ்டோர் கீப்பருக்கு ஒரு கெடுதல் பண்ணினான். தப்பு தன் மேலதான்னு தெரிஞ்ச பிறகும், மன்னிப்புக் கேட்க அவனுக்கு வாய் வரல.”

அக்காவுக்கு இந்த மாதிரி ஆட்களைத் தெரியும். ஆபீசில் ஆட்டி வைப்பது போதாதென்று போட்டோவிலிருந்தும் துரத்துகிறவர்கள்.

“அந்த மனுஷன் பார்த்தா வருத்தப்பட மாட்டாரா?”

“அவனுக்குச் சம்மதம். கேட்டுட்டுத்தான் வந்தேன்.”

புளுகு என்று அவளுக்குப் பட்டது. இவர் படத்தில் எங்கே இருக்கிறார் என்று கேட்டாள். கேமரா தன் கையில் இருந்ததாகச் சொன்னார். அதானே என்று நினைத்துக்கொண்டாள். தனக்கு இடமில்லாத படத்தில் அடுத்தவனுக்கு எதற்கு இடம்?

“முகத்தை வரவழைச்சுத்தான் எனக்குப் பழக்கம். அழிக்கணும்னா நீங்களே அழிச்சுக்கோங்க” என்று தண்ணீர்க் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். காகிதத்தை எடுத்த அதே விரல், விடாமல் தேய்த்தால் மையையும் எடுத்துவிடும்.

ரோஷப்பட்டு எழுந்து போவார் என்று பார்த்தாள். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

முதலில் மீசை போனது. அப்புறம் சுருட்டை முடி. பக்கத்து ஆளின் தோள்மீது விரல் ஏறப் போனதும் அக்கா பதறினாள். “அவர் பாவம், இருக்கட்டும்” என்று அவரே விரலை இழுத்துக்கொண்டார். இடுப்பில் இருந்த கைதான் கடைசி வரை அடம்பிடித்தது.

அரைமணி நேரம் ஆயிற்று. வழுக்கைத் தலையில் பூத்த வியர்வையைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார். விரல் நுனி சிவந்துபோயிருந்தது.

“இடம் காலியா தெரியுது. ஒரு பூந்தொட்டி வரைஞ்சிடுங்க. அவனைவிட லட்சணமா இருக்கும்” என்று சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை.

வாசல் வரை போனவர் திரும்பி, தான் வந்துபோனது யாருக்கும் தெரிய வேண்டாம் என்றார். செய்வதையும் செய்துவிட்டுப் பயம் வேறு. அவர் போன பிறகு தூரிகையை எடுத்து ஒரு தொட்டியும் நாலு இலையும் வரைந்தாள். ஆத்திரத்தில் இலையெல்லாம் முள் மாதிரி வந்தன. பலகைமேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள்.

நாலு மணிக்கு ரிசப்ஷன் பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“அக்கா, தலை போற விஷயம். படத்துல இருந்து ஒரே ஒருத்தரை மட்டும் எடுக்க முடியுமா?”

“உனக்குமா?”

அது அவள் காதில் விழவில்லை. கடகடவென்று கொட்டினாள். எப்போதோ ஒரு தடவை சரக்கு காணாமல் போனதாம். மேனேஜர் ஸ்டோர் கீப்பரைச் சந்தேகப்பட்டு மூன்று மாதம் வீட்டில் உட்கார வைத்தாராம். அப்புறம் வேறொரு அலமாரிக்குப் பின்னாலேயே சரக்கு கிடைத்ததாம். ஆளைத் திரும்பக் கூப்பிட்டார்களே தவிர, தப்பாக நினைத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை வரவில்லையாம்.

“நேத்து கேன்டீன்ல ஸ்டோர் சார் கறாரா சொல்லிட்டார் அக்கா. மேனேஜர் முகம் இருக்கிற எதையும் வீட்டுக்குள்ள கொண்டுபோக மாட்டாராம். மேடையிலேயே வெச்சிட்டுப் போயிடுவாராம். பின்னாடி மேஜையில மேனேஜர் டீ குடிச்சிட்டு இருந்தார். காதுல விழுந்துச்சோ என்னவோ.”

அக்காவின் கை துணிமேல் அப்படியே நின்றது.

“இதுல உங்க மேனேஜர் யாரு?”

“இடது ஓரத்துல, இடுப்புல கை வெச்சுக்கிட்டு நிக்கிறாரே, சுருட்டை முடி. இப்ப பார்த்தா அடையாளமே தெரியாது. தலையில ஒரு முடி கிடையாது.”

அக்கா துணியை எடுத்தாள்.

அந்தப் பெண்ணின் முகம் முதலில் மலர்ந்தது. மறுநொடி வெளிறிப்போனது.

“ஐயையோ, ஆளை எடுத்துட்டுப் பூந்தொட்டி வேறயா? மேனேஜர் பார்த்தா என்னைத் தொலைச்சுடுவார் அக்கா.”

அக்கா தூரிகையைச் சிவப்பில் தோய்த்து, முள்முள்ளாய் நின்ற இலைகளுக்கு நடுவே நிதானமாக ஒரு பூ வைத்தாள்.

“ஒண்ணும் சொல்ல மாட்டார். பூந்தொட்டி வைக்கச் சொன்னதே அவர்தான்.”