வெர்லினின் ஆப்பிரிக்க வேட்டை

மேடை நடுவில், முறுக்குக் கொம்போடு ஒரு பெரிய மான் தலை. "போன வருஷம் இதே ஏலத்துல வேட்டைப் பயணத்த எடுத்து, ஆப்பிரிக்கா போய் நம்ம வெர்லின் சுட்டுக்கொண்டு வந்தது!" என்று ஏலக்காரர் மைக்கில் முழங்கினார். நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊரே திரும்பிப் பார்த்துக் கைதட்டியது.

வெர்லின் குனிந்த தலை நிமிராமல் தட்டிலிருந்த இறைச்சியைக் கிளறிக்கொண்டிருந்தார். டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர், மனைவி போன பிறகும் பேச்சில் குறை வைக்காதவர். இன்றைக்கு மட்டும் என்னவோ காது மடல் சிவந்துபோய், வாயில் கொழுக்கட்டை.

ஊர்த் தீயணைப்புப் படைக்குப் புது வண்டி வாங்கத்தான் இந்த விருந்தும் ஏலமும். கம்பளம், துப்பாக்கி, வீட்டில் சுட்ட ஆப்பிள் பை எல்லாம் விலைபோயாயிற்று. பாக்கி இருந்தது கடைசி அயிட்டம்: தென்னாப்பிரிக்க வேட்டைப் பயணம்.

"மாமா, இந்தத் தடவை நான்தான். எவனுக்கும் விடமாட்டேன்" என்றான் மாப்பிள்ளை டிராவிஸ். ஏல அட்டையால் விசிறிக்கொண்டிருந்தான்.

"ஆசையப் பாரு!" என்றாள் மகள் மார்லா. அவளுக்கு இது ஆறாவது மாதம். "நாம இருக்கறது வாடகை டிரெய்லர் வீடு. வீட்டுக்கு முன்பணம் கட்டச் சேர்த்த காசு அது. ஏலத்தோட முடிஞ்சுதா? ஃபிளைட் தனி, சுடற ஒவ்வொரு மிருகத்துக்கும் தனி, தலையப் பதப்படுத்தி அனுப்ப அது வேற தனி!"

"நல்ல காரியத்துக்குத்தானே போகுது?"

"அப்ப சும்மா குடுத்துட்டு வா. நடுவுல மான் எதுக்கு?"

டிராவிஸ் மாமனார் பக்கம் திரும்பினான். "மாமா, நீங்களாவது சொல்லுங்க!"

"சரி, அப்பாவே சொல்லட்டும்" என்றாள் மார்லா. "போறது தண்டமில்லன்னு அப்பா சொன்னா, நான் வாயே தொறக்கல."

இரண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். வெர்லினுக்குத் தண்ணீர் புரையேறியது.

"ம்... நல்லாத்தான் இருந்துச்சு. ஜூலை மாசம். வெயில் மண்டையப் பொளந்துச்சு. வேற என்ன சொல்ல?"

"இவ்வளவுதானா? கடைக்கு வர்றவங்ககிட்ட மட்டும் மணிக்கணக்கா அளக்கறீங்க!" மார்லா கண்ணைச் சுருக்கினாள். "உண்மையச் சொல்லுங்கப்பா. அத நீங்கதான் சுட்டீங்களா, இல்ல கூட வந்தவன் சுட்டுக் குடுத்தானா?"

பக்கத்து மேசை வரைக்கும் சிரித்தார்கள். வெர்லின் கூனிக் குறுகிப்போனார்.

இந்த நேரம் பார்த்து, போன வருஷம் போலவே இந்தத் தடவையும் பயணத்தை நன்கொடையாகக் கொடுத்திருந்த டியோன், மேசை மேசையாகக் கை குலுக்கிக்கொண்டு பக்கத்து மேசையிலிருந்து வந்தார். தென்னாப்பிரிக்காவில் சொந்த வேட்டைப் பண்ணை. காக்கிச் சட்டை, வெயிலில் கறுத்த முகம். அவரைக் கண்டதும் வெர்லின் எழுந்து கழிவறைப் பக்கம் நழுவப் பார்த்தார். டிராவிஸா விடுவான்? தோளைப் பிடித்து அமுக்கிவிட்டான்.

"எங்க ஓடறீங்க? சார், எங்க மாமா வெர்லின்! போன வருஷம் உங்க பண்ணைக்கு வந்தாரே!"

வெர்லின் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஊர் நடுவில் மானம் கப்பலேறப் போகிறது என்று அவர் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

"வெர்லின்!" டியோன் அவரை அப்படியே கட்டிக்கொண்டார். "உங்கள எப்படி மறப்பேன்? அந்த ஜூலை வெயில்ல வேர்த்து விறுவிறுத்து நின்னீங்களே! தம்பி, நான் பக்கத்துலயே நின்னு பார்த்தேன். ஒரே குண்டு! இப்படி ஒரு ஆள என் பண்ணையில பார்த்ததே இல்ல."

மார்லா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கங்கப்பா. சும்மா கிண்டலுக்குக் கேட்டேன்." அப்புறம் புருஷனைப் பார்த்தாள். "போய்த் தொலை. எடுத்துக்கோ."

பாராட்டு கிடைத்தும் வெர்லின் முகத்தில் ஈயாடவில்லை. கட்டிப்பிடித்துவிட்டுப் போன மனிதரையே வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஏலம் சூடு பிடித்தது. மாட்டுச் சந்தை வேகத்தில் ஏலக்காரர் கூவக் கூவ, ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் மிஞ்சியது பல் டாக்டரும் டிராவிஸும்தான்.

"ஏழாயிரம் டாலர்! ஏழாயிரம்! யாராவது ஏழரை?"

ஏழாயிரம் கேட்டிருந்தது பல் டாக்டர். டிராவிஸ் எழுந்து நின்று அட்டையை உயர்த்தினான்; பல் டாக்டர் தலையை ஆட்டி விலகிக்கொண்டார். மேடையிலிருந்து டியோன் வெர்லினைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். மார்லா கண்ணை மூடி, வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டாள்.

வெர்லின் மகளைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். இத்தனை வருடம் தன்னோடு தின்று வளர்ந்த ஊரையும் ஒரு தடவை பார்த்தார். ஏழரை ஒரு தரம், இரண்டு தரம் என்று ஏலக்காரர் சுத்தியலை ஓங்க, நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நிறுத்துய்யா!"

வெர்லின் எட்டி, டிராவிஸின் கையைப் பிடித்து அட்டையோடு கீழே இறக்கினார். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"மாப்ள, அந்தத் தலை நான் காசு குடுத்து வாங்கினது. இந்த ஆள் சொன்னதும் பொய்; நான் ஆப்பிரிக்கா பக்கமே போனதில்ல."