இரண்டாம் நம்பர் லிஃப்ட்

“எவ்வளவு கஷ்டமான கேள்வியா இருந்தாலும் கேளுங்க மெக்கானிக். புது ஏஐ, இன்னிக்குத்தான் வந்திருக்கு” என்று கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தார் கட்டட மேனேஜர்.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு எரிச்சலாக வந்தது. பதினாறு வருடமாகக் கிரீஸில் கை வைத்தவருக்கு இது வந்து பாடம் எடுப்பதா?

“பிரேக் பிடிச்ச பிறகும் லிஃப்ட் அரை அடி இறங்கி நிக்குது. எதைப் பாக்கணும்னு கேளுங்க சார்.”

மேனேஜர் தட்டினார். பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா, இல்லையென்றால் கயிறு வழுக்குகிறதா என்று பார்க்கச் சொன்னது ஏஐ. சரியான பதில்.

“மழை நாள்ல மட்டும் கதவு மூட மாட்டேங்குது?”

சென்சாரில் ஈரம் படிந்திருக்கும், துடையுங்கள் என்றது. இதைக் கண்டுபிடிக்க அவருக்கு நாலு வருடம் ஆகியிருந்தது.

“கெட்டிக்காரப் பயதான். அப்ப நம்ம ரெண்டாம் நம்பர் லிஃப்டைக் கேட்டுடுவோம்” என்றார் மேனேஜர்.

மெக்கானிக்கின் முகம் சுருங்கியது. அந்த லிஃப்ட் ஏழாம் மாடியில் திடீர் திடீரென்று நிற்கும். இவர் அடித்துப் பிடித்துக்கொண்டு போனால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். இன்றைக்குள் காரணம் தெரியாவிட்டால் இவருடைய ஒப்பந்தம் காலி என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். மெக்கானிக்கோ கல்யாணம், குடும்பம் என்று எதுவும் இல்லாத மனிதர். அவருக்கென்று இருந்தது இந்த வேலை ஒன்றுதான்.

“எல்லாம் அந்த ஏழாம் மாடி தையல் டீச்சரால வந்தது சார். ஒவ்வொரு தடவையும் புகார் பண்றது அவங்கதான். என் மேல என்ன கோபமோ! வேலை முடிஞ்ச பிறகும் விடறதில்ல. ‘மறுபடி நின்னாலும் நின்னுடும், கொஞ்ச நேரம் இருந்து பாத்துட்டுப் போங்க’ன்னு உக்கார வெச்சுடறாங்க.”

மேனேஜர் ஒரு வருடப் புகார்ப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து ஏற்றினார். பதில் வரும்வரை மெக்கானிக் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் வாய்விட்டுப் படித்தார்: “லிஃப்டில் கோளாறு எதுவும் இல்லை. பதினோரு முறையும் புகார் செய்தவர் ஒருவரே. மெக்கானிக் விடுப்பில் போய், மாற்று ஆள் வந்த மூன்று வாரத்தில் லிஃப்ட் ஒருமுறைகூட நிற்கவில்லை. யாரோ உள்ளேயிருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டு, மெக்கானிக் வருவதற்குள் பொத்தானை விடுவித்துவிடுகிறார் என்றே தோன்றுகிறது.”

மெக்கானிக் துள்ளி எழுந்தார். “பாத்தீங்களா சார்! என் பொழப்புல மண்ணள்ளிப் போடணும்னே செஞ்சிருக்காங்க!”

மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“அப்படியா? அப்ப உங்களை மாத்தப்போறேன்னு நேத்து நான் அவங்ககிட்ட போன்ல சொன்னதும், எதுக்குங்க அந்தம்மா ஏழு மாடியும் படியிலேயே இறங்கி ஓடிவந்து, ‘லிஃப்டே ஓடலைன்னாலும் பரவாயில்ல, இந்த மெக்கானிக்தான் வேணும்’னு அழாத குறையா நின்னாங்க?”