கன்னத்தின் உயரம்

சோலைராஜ் காலையில் எழுந்து மோட்டார் போட்டான், பால் காய்ச்சினான், பின்னறைக்குப் போய் ஏர் ரைபிளில் படிந்திருந்த கரிசல் புழுதியைத் துடைத்தான். மதுரைப் போட்டிக்கு அவனும் மனைவி பொன்மணியும் சேர்ந்தே பெயர் கொடுத்திருந்தார்கள். இப்போது அவன் மட்டும் போக வேண்டும். தேறாமல் திரும்புவதில்லை என்று இருந்தான்.

வீட்டில் இருவருக்கும் ஒரே துப்பாக்கி. சுட்டு முடித்தவர், கன்னம் சாயும் கட்டையை மற்றவர் அளவுக்கு மாற்றி வைக்க வேண்டும். பொன்மணி இறந்த பிறகும் அவன் தினமும் சாயங்காலம் அதை அவள் அளவுக்கு இறக்கி வைத்தான். ஒவ்வொரு நாள் காலையிலும் அது அவன் அளவுக்கு ஏறியிருந்தது.

பயிற்சி கொடுக்கும் இசக்கிபாண்டி புதுக் கட்டையோடு வந்தார்.

"ஏலே, இன்னும் யாருக்கு இறக்கி வைக்க? உன் மூஞ்சிக்குப் பாத்து இறுக்கிப் பூட்டிர வேண்டியதுதானே?"

"பழகிட்டு அண்ணாச்சி."

பழையதைக் கழற்றிவிட்டு அன்றே புதியதைப் பூட்டினான். பழையதில் இருவர் அளவுக்கும் கோடு இருந்தது; இதில் யார் அளவுக்கும் கீறவில்லை. சாயங்காலம் சுட்டு முடித்ததும் அதையும் இறக்கிவிட்டு, கட்டையை ஏற்றி இறக்கும் திருகுச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படுத்தான்.

மறுநாள் மதுரைக்குக் கிளம்பும் முன் ரைபிளைத் தோளில் வைத்து, கண்ணை மூடித் தலையைச் சாய்த்தான். கட்டை அவன் கன்னத்தில் வந்து நின்றது. கண்ணைத் திறந்தான். குறி நேராக இருந்தது. திருகைத் தொடாமல் பெட்டியை மூடினான்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது பொன்மணி கடைசியாகச் சொன்னாள்: "கட்டை என் அளவுலயே இருக்கட்டும். வந்து சுட்டுட்டு உங்களுக்கு ஏத்தி வச்சிருதேன்."